வீட்டுக் கூடமா, வாடகை அறையா, பிள்ளைகள் வீடா, ஆன்லைனா? சென்னையில் பாட்டு கிளாஸ் தொடங்குபவர்களுக்கு

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த கையோடும், அப்புறம் விஜயதசமிக்கு ஒரு மாதம் இருக்கும்போதும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே விஷயமாகத்தான் இருக்கும். இந்த வருடம் மூன்று பேர். ஒரு பெண் இசையில் டிப்ளமோ முடித்துவிட்டு நங்கநல்லூரில் மாமியார், மாமனாரோடு இருக்கிறாள். "ஹால்லயே ஆரம்பிச்சுடலாமாக்கா, இல்ல வெளியில ரூம் பாக்கணுமா?" என்கிறாள். இன்னொருவர் வங்கியில் ஓய்வு பெற்றவர், பெரம்பூர்க்காரர், நாற்பது வருடமாகப் புல்லாங்குழல் வாசிக்கிறார். ஒரு கடை மாடியில் அறை பார்த்து வைத்திருக்கிறார். அட்வான்ஸ் கொடுக்கத்தான் மனசு வரவில்லை. மூன்றாவது பெண் சோழிங்கநல்லூரில் ஐடி வேலையை விட்டவர். "எல்லாரும் ஆன்லைன்தானே எடுக்கறாங்க, இடம் எதுக்கு மேடம்?" என்று கேட்கிறார்.

நான் மேற்கு மாம்பலத்தில் வாய்ப்பாட்டும் வீணையும் சொல்லிக் கொடுக்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் இந்த நாலு வழியிலும் போய்ப் பார்த்தாயிற்று. ஒன்றில் கைக்காசு போனது, ஒன்றில் தொண்டை போனது, ஒன்றில் பிள்ளைகள் போனார்கள். மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

வாடகை எவ்வளவு, எத்தனை பிள்ளைகள் சேருவார்கள் என்றுதான் எல்லோரும் கணக்கைத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது என் வரிசை வேறு.

முதலில் நான் பார்ப்பது வாசலை. முன்பின் தெரியாத ஒருவர் தயங்காமல் உள்ளே வருவாரா? சேர்ந்துவிட்டு நின்றுபோனவர்கள் பெயர் என் நோட்டில் இருக்கிறது. வர ஆசைப்பட்டு, வாசல் வரை வந்து, திரும்பிப் போனவர்கள் எந்த நோட்டிலும் இல்லை. அவர்களைத் தடுத்தது பெரும்பாலும் கட்டணம் அல்ல, இடம்தான் என்று எனக்குத் தெரியவே பல வருடம் ஆனது.

அடுத்தது சத்தம். உங்கள் சத்தம் வெளியே போவது ஒரு பக்கம், வெளிச் சத்தம் உள்ளே வருவது இன்னொரு பக்கம். மூன்றாவது, மந்தமான மாதத்தில் கையில் என்ன நிற்கும் என்பது. சென்னையில் மார்ச் பரீட்சையில் தொடங்கி ஜூன் வரைக்கும் பாதி வகுப்பு ஊருக்குப் போய்விடும். மார்கழியில் கச்சேரி கேட்கவும் பாடவும் நாமே ஓடுவோம். பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே வருமானம் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். நாலாவது, உங்கள் தொண்டையும் முதுகும். இது நாற்பது வயதுக்கு மேல்தான் பட்டியலில் முன்னேறும்.

## வீட்டுக் கூடத்தில்

செலவில்லாத வழி என்று எல்லோரும் நினைப்பது இதைத்தான். ரொக்கமாகப் பார்த்தால் உண்மையும் அதுதான். வாடகை இல்லை, பயணம் இல்லை, அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு ஜண்டை வரிசை சொல்லிக் கொடுக்கலாம். ஆரம்பப் பாடத்துக்கு ஒரு பாய், ஒரு சுருதிப்பெட்டி போதும். இப்போது அதுவும் கைபேசிக்குள் வந்துவிட்டது.

ஆனால் கூடம் நம் குடும்பத்தின் கூடம். மாலை ஐந்தரை மணிக்கு மாமனார் செய்தி பார்க்க வேண்டும், பையன் டியூஷனிலிருந்து வந்து பையை விசிறி எறிவான், சமையலறையில் தாளிப்பார்கள். வருகிற குழந்தைக்கு இது பழகிவிடும். பெரியவர்களுக்குப் பழகாது. நாற்பது வயதில் முதல் முறையாக 'ஸ' பிடிக்க வருகிறவருக்கு, பக்கத்து அறையில் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற கூச்சமே தொண்டையை அடைத்துவிடும். என் வகுப்பில் அப்படி மூன்றே வாரத்தில் நின்றுபோன ஒருவர், பிறகு வெளியில் அறை எடுத்தபோது தானாகத் திரும்பி வந்தார்.

காத்திருக்கும் இடமும் ஒரு பிரச்சினை. என் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு பையனை அவன் அம்மா கோடம்பாக்கத்திலிருந்து கூட்டி வருவார். வகுப்பு முடியும் வரை பக்கத்தில் எங்கோ கடை கண்ணிக்குப் போய்விட்டு வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் குப்பை கொட்டப் போனபோது பார்த்தால், மாடிப்படியில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆறு மாதமாக அங்கேதானாம். "உள்ள வந்து உக்காருங்கன்னு யாரும் சொல்லலையே மிஸ்" என்றார். குற்றம் சொல்லவில்லை, சும்மா சொன்னார். மறுநாளே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி நடையில் போட்டேன். நடைபாதையை அடைக்கக் கூடாது என்று அசோசியேஷனிலிருந்து ஒரு சீட்டு வந்தது. அது தனிக்கதை.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டில் வகுப்பு எடுத்த நாள் முழுக்க என்னைப் பிள்ளைகள் 'மாமி' என்றார்கள். வெளியில் அறை எடுத்ததும் அதே பிள்ளைகளுக்கு நான் 'மிஸ்' ஆகிவிட்டேன். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் தையற்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி, தன் மகள் பள்ளிப் பிரார்த்தனையில் நன்றாகப் பாடுகிறாள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எனக்குப் போன் செய்தார். கட்டணம் கேட்டார், நேரம் கேட்டார், எல்லாம் ஒத்துவந்த பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கள மாதிரி ஆளுங்க வீட்டுக்குள்ள வரலாங்களா?" என்று கேட்டார். வாசல் கோலம், நிலைப்படி மாவிலை, நுழைந்ததும் கண்ணில் படும் பூஜை அலமாரி எல்லாம் எனக்கு வீடு. அவருக்கு அது ஒரு கேள்வி. மகள் வந்தாள், நன்றாகவும் பாடினாள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கத் துணியாதவர்கள் எத்தனை பேரோ! கிறிஸ்தவப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சாதி சொல்லி யாராவது முகம் சுளிப்பார்களோ என்று பயப்படும் அம்மா: இவர்களுக்கு 'எல்லோரும் வரலாம்' என்பது பாட்டுக்கு முன்பே தெரிய வேண்டும். வீட்டிலேயே எடுப்பதாக இருந்தால் அதற்குச் சில வேலைகள் உண்டு. செருப்பு எங்கே விடுவது, எந்த அறை, கழிவறை எது, யார் எங்கே உட்காரலாம் என்பதை முதல் போனிலேயே நாமாகச் சொல்லிவிட வேண்டும். தெய்வப் பாடல்தான் பாடத்திட்டத்தில் பெரும்பகுதி. பாட விருப்பமில்லாத பாடல் வந்தால் வேறு சாகித்யம் தருவேன் என்பதையும் அப்போதே சொல்லலாம். சரளி, ஜண்டை, அலங்காரம் வரைக்கும் வெறும் ஸ்வரம்தானே, அதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

மறைமுகச் செலவுகள்: கட்டணம் தள்ளிப்போகும். வீட்டுக்கு வருகிறவர்கள் உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவதால் "அடுத்த வாரம் தரேன் மாமி" என்பது சுலபமாக வரும், கேட்க நமக்கும் நா எழாது. ஜிபே வந்த பிறகு இந்தத் தொல்லை பாதி குறைந்தது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வீட்டாருக்கு இல்லாமல் போகும். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுக்குமாடி என்றால் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை சத்தம் கூடாது என்று நீங்களே விதி போட்டுக்கொண்டால் அசோசியேஷன் போட வேண்டியிருக்காது.

இது யாருக்குச் சரி: வாய்ப்பாட்டு, வீணை, வயலின், பத்துப் பதினைந்து பிள்ளைகள், தனி வாசல் உள்ள ஒரு அறையாவது இருக்கிற வீடு. கைக்குழந்தை உள்ள ஆசிரியருக்கு வேறு வழியே தேட வேண்டாம்.

## வாடகை அறை

2017 ஏப்ரலில் ஒரு மருந்துக்கடை மாடியில் அறை எடுத்தேன். ஏப்ரல் என்பதிலேயே முதல் தப்பு. பிள்ளைகள் சேருவது ஜூனிலும் விஜயதசமியிலும். நான் முதல் இரண்டு மாத வாடகையைக் காலி அறைக்குக் கொடுத்தேன். மே முழுக்க அறையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனது இரண்டாவது தப்பு. மேல்தளம், கூரையில் நேர் வெயில். வீணையில் தந்திக்குக் கீழே குறுக்காக இருக்கும் இருபத்துநாலு மெட்டுகளும் மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. திரும்பி வந்து உறையைக் கழற்றினால் மெழுகு இளகி மெட்டுகள் சாய்ந்து, இரண்டு வீணைகள் பல்வரிசை கலைந்த வாய் மாதிரி இருந்தன. மெட்டு வைத்து மேளம் கட்டுகிறவரைத் தேடிப் பிடித்து, கட்டி வாங்க இரண்டு வாரம் ஆனது. ஜூன் சேர்க்கை நேரத்தில் வீணை வகுப்பில் வீணை இல்லை!

இவ்வளவுக்கும் பிறகும் சொல்கிறேன், அந்த அறை இருந்த மூன்று வருடம்தான் என் வகுப்பில் எல்லாவிதமான மனிதர்களும் இருந்தார்கள். தெருவைப் பார்த்து ஒரு பலகை, கீழே மருந்துக்கடை, மாடிப்படி பொதுவானது. மருந்து வாங்க வந்தவர் பாட்டுச் சத்தம் கேட்டு மேலே ஏறி வந்து விசாரித்திருக்கிறார். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் மகளைச் சேர்த்துவிட்டு, ஒரு மாதம் கழித்து "நானும் உக்காரட்டுமா?" என்று கேட்டார். என் வீட்டு மாடி ஏறி அவர் இதைக் கேட்டிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது கணக்கு. ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: வாடகை 12,000 ரூபாய், பராமரிப்பு 1,500, கரண்ட் 1,800, பெருக்கித் துடைக்க 1,500. மாதம் 16,800. ஒரு பிள்ளைக்கு 1,500 ரூபாய் கட்டணம் என்றால் முதல் பதினோரு பிள்ளைகள் கட்டுவது இடத்துக்கே போகிறது, அதற்கும் 300 ரூபாய் குறையும். பன்னிரண்டாவது பிள்ளையிலிருந்துதான் உங்கள் சம்பளம் தொடங்குகிறது. கரண்ட் ஏன் இவ்வளவு என்றால், வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் முதல் 100 யூனிட் இலவசம் வணிக இணைப்புக்குக் கிடையாது.

அட்வான்ஸ் இன்னொரு பூதம். 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. சென்னையில் ஐந்து மாதம், பத்து மாதம் கேட்பது பழக்கம். அதையே ஒப்பந்தத்திலும் எழுதிவிடுவார்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அதையும் முதல் நாளிலேயே செலவில் எழுதிவிடுங்கள். 2020 மார்ச் ஊரடங்கில் அறை பூட்டிக் கிடந்தபோது வாடகை மட்டும் நடந்துகொண்டே இருந்தது. நாலு மாதம் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

கீழ்த்தளம் கிடைத்தால் முட்டி வலிக்காரர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் நல்லது. ஆனால் அந்தத் தெருவில் 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்துக் கடையில் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சுவரில் கோடே காட்டுவார்கள். பலாமரத்தில் குடைந்த வீணை ஒரு ராத்திரி தண்ணீரில் கிடந்தால் அதற்குப் பிறகு அது அலங்காரப் பொருள்தான்.

இதிலேயே ஒரு சின்ன வழி இருக்கிறது, பலரும் யோசிப்பதில்லை: மணிக்கணக்கில் வாடகை. பரதநாட்டியப் பள்ளிகளில் பல அறைகள் மாலை வரை காலியாகக் கிடக்கும். யோகா வகுப்பு நடக்கும் கூடம், மழலையர் பள்ளிக் கட்டிடம், சின்ன டிரஸ்ட் ஹால் என்று விசாரித்தால் கிடைக்கும். வகுப்பு நடக்கும் மணிக்கு மட்டும் காசு, மே மாதம் பூட்டினால் செலவும் பூட்டிக்கொள்ளும். குறை என்னவென்றால், பொருள் எதையும் விட்டுவிட்டு வர முடியாது. வாய்ப்பாட்டுக்குச் சரி, வீணைக்கு ஆகாது. நடன வகுப்பு நீண்டுபோனால் நம் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள்.

## பிள்ளைகள் வீட்டுக்கே போவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எனக்கு ஒத்துவரவில்லை, ஆனால் இதிலேயே நன்றாகப் பிழைப்பவர்களைத் தெரியும்.

பிள்ளைக்குச் சொந்த இடம், அம்மாவுக்கு அலைச்சல் இல்லை, கட்டணமும் கூடக் கேட்கலாம். போய் உட்கார்ந்ததும் காபி வரும், பிள்ளை வராது. குளித்துக்கொண்டிருக்கும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும், சோபாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். முக்கால் மணி வகுப்பில் பதினைந்து நிமிடம் இப்படியே கரையும். இதோடு சாலை. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை தொடங்கியதிலிருந்து மயிலாப்பூர் பக்கம் நேற்று போன வழியில் இன்று போக முடிவதில்லை. மழை பெய்து துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் மாம்பலத்திலிருந்து தி.நகருக்கே ஊரைச் சுற்ற வேண்டும். ஒரு மாலையில் மூன்று வீட்டுக்கு மேல் முடியாது. தனியாகப் போகும் பெண்கள், முதல் வகுப்புக்கு முன் அந்த வீட்டுப் பெரியவர்களிடம் பேசிவிட்டு, கதவு திறந்திருக்கும் கூடத்தில்தான் வகுப்பு என்று சொல்லிவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இருந்தாலும் சிலருக்கு இதுதான் ஒரே வழி. வெளியே வர முடியாத முதியவர்கள், புது இடமும் புதுச் சத்தமும் ஒத்துக்கொள்ளாத ஆட்டிசம் உள்ள குழந்தைகள், பியானோவை நகர்த்த முடியாதவர்கள். ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு நான் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். முதல் இரண்டு மாதம் அவன் என்னைப் பார்க்கவே இல்லை, ஜன்னலைப் பார்த்தபடி தாளம் மட்டும் போட்டான். ஆதி தாளம், ஒரு அட்சரம் தப்பவில்லை. என் கூடத்துக்கு வந்திருந்தால் அந்தத் தாளத்தை நான் கேட்டிருக்கவே மாட்டேன். அவனுக்காக இன்றைக்கும் ஒரு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

## ஆன்லைன்

சோழிங்கநல்லூர்ப் பெண் சொல்வதில் நியாயம் உண்டு. இடம் வேண்டாம், எல்லை கிடையாது, மழை வந்தாலும் வகுப்பு நிற்காது (கரண்ட் இருக்கும் வரை, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அதுவும் போனது). வாசலில் தயங்குகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வாசல் இல்லை. கேமராவை மூடிக்கொண்டு பாடக் கேட்ட ஒருவருக்கு மூன்று மாதம் அப்படியே எடுத்தேன்.

ஆனால் ஆன்லைனில் சேர்ந்து பாட முடியாது. ஒலி போய்ச் சேர ஒரு நொடியில் சின்னப் பின்னமாவது தாமதம் ஆகிறது. தாளத்தோடு இரண்டு பேர் ஒன்றாகப் பாடினால் பிசிறடிக்கும். நான் ஒரு வரி, நீ ஒரு வரி என்று மாற்றி மாற்றித்தான் போக வேண்டும். சரளி வரிசைக்கு அது போதும். வர்ணம் என்ற உருப்படியில் இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம் வரும்போது கூடவே பாடி இழுத்துக்கொண்டு போக ஆசிரியர் வேண்டியிருக்கிறது.

நியூ ஜெர்சியில் ஒரு பெண், ஐந்தரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு), நல்ல குரல். பஞ்சமம், அதாவது 'ப' ஸ்வரம் மட்டும் ஒவ்வொரு வகுப்பிலும் சுருதியோடு ஒட்டாது. இரண்டு மாதம் திருத்தினேன், பாவம், அழுதும் விட்டாள். கடைசியில் அவள் அம்மா அறையில் பதிவு செய்து அனுப்பியதைக் கேட்டால் கச்சிதமாக இருக்கிறது. விஷயம் என்னவென்றால், ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும் தம்பூரா ஒலியை ஜூம் செயலி மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தது. அவள் நீட்டிப் பிடிக்கும் கார்வைகளையும் நடுநடுவே கடித்தது. அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒன்று இருக்கிறது, அதை இரண்டு பக்கமும் போட வேண்டும். ஆன்லைன் வகுப்பு தொடங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வீணைக்கு இன்னும் கஷ்டம். சுருதி சேர்ப்பதை முதல் ஆறு மாதம் ஆசிரியர்தான் செய்ய வேண்டும். டல்லாஸில் ஒரு அப்பா தந்தியை இறுக்கும் பிருடையைத் திருகுவார், நான் இங்கிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பேன். ஒரு நாள் 'டங்' என்று ஒரு சத்தம், அப்புறம் இரண்டு பக்கமும் மௌனம். அந்த வாரம் வகுப்பு இல்லை. இப்போதெல்லாம் வெளிநாட்டு வீணை மாணவர் என்றால், விடுமுறையில் சென்னை வரும்போது ஒரு வாரம் நேரில் உட்கார்ந்து தந்தி மாற்றவும் சுருதி சேர்க்கவும் கற்றுக்கொண்டால்தான் சேர்த்துக்கொள்கிறேன்.

நேரக் கணக்கையும் பாருங்கள். இங்கே காலை ஆறு மணி வகுப்பு, கோடையில் நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு எட்டரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் அது ஏழரை ஆகிவிடும். எட்டரைதான் வேண்டும் என்பார்கள். நாம் ஏழு மணிக்கு மாற்ற வேண்டும். ஏழு மணிக்கு நம் வீட்டில் இட்லி, டிபன் பாக்ஸ், பள்ளி வேன். மார்ச்சில் மறுபடி மாறும். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை அவர்களுக்கு விடுமுறை, அது ஆன்லைனின் மந்த காலம். இலவச ஜூம் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதால் கட்டணக் கணக்கு தேவைப்படும். இதெல்லாம் போக, காதில் ஹெட்போனோடு நாலு மணி நேரம் பாடிக் காட்டினால் நாம் நம்மை அறியாமல் கத்துகிறோம். என் தொண்டை போனது இதில்தான். மருத்துவர் மூன்று வாரம் பேசாதே என்றார். எங்கள் வீட்டில் அதற்குச் சந்தோஷப்பட்டவர்களும் இருந்தார்கள்.

## காசு எப்படி நிற்கிறது

கீழே உள்ளது வெறும் கணக்குப் பயிற்சி. எண்களைத் தூக்கிவிட்டு உங்கள் பேட்டை வாடகையையும் கட்டணத்தையும் போட்டுப் பாருங்கள். வீட்டிலும் அறையிலும் 20 பிள்ளைகள், ஆளுக்கு 1,500 ரூபாய். மந்த மாதத்தில் 11 பேர். பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் 10 பேர், ஆளுக்கு 2,500. மந்த மாதத்தில் 5. ஆன்லைனில் 12 பேர், ஆளுக்கு 2,000. மந்த மாதத்தில் 7. மணி வாடகை மணிக்கு 200 ரூபாய், மாதம் 32 மணி, மந்த மாதத்தில் 16.

| வழி | மாதச் செலவு | சாதாரண மாதம் கையில் | மந்த மாதம் கையில் |
|---|---|---|---|
| வீட்டுக் கூடம் | 1,500 | 28,500 | 15,000 |
| மாத வாடகை அறை | 16,800 | 13,200 | 300 நஷ்டம் |
| மணி வாடகை | 6,400 (மந்த மாதம் 3,200) | 23,600 | 13,300 |
| பிள்ளைகள் வீடு | பெட்ரோல் 3,000 (மந்த மாதம் 1,500) | 22,000 | 11,000 |
| ஆன்லைன் | இணையம், செயலி 2,500 | 21,500 | 11,500 |

அட்டவணையைப் பார்த்தால் வீடுதான் ஜெயிக்கிறது. இருபது பிள்ளைகளும் வீட்டுக்கு வருவார்கள் என்று நான் எழுதியிருப்பதில்தான் சூட்சுமம். என் வீட்டில் பதினாலுக்கு மேல் ஒருபோதும் ஏறவில்லை. அறையில் இருபத்தாறு வரை போனது. பலகையைப் பார்த்து வந்தவர்களே அதில் பாதி.

குழுவாக எடுத்துச் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணையும் ஒரு கட்டையில் பாடும் ஆணையும் ஒரே சுருதியில் உட்கார வைக்க முடியாது. குரல் உடையாத சிறுவர்கள் மட்டும் பெண்பிள்ளைகளோடு சேர்ந்து பாடலாம். பெரியவர்களுக்கு ஆண், பெண் தனித்தனி நேரம் தேவை. அப்போது வாடகை அறையில் மணி நேரம் இரட்டிப்பாகும்.

கீபோர்டு ஆசிரியர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. ஹெட்போன் மாட்டினால் அண்டை வீட்டுத் தொல்லையும் இல்லை. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் கிரேடு பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர்களுக்குச் சான்றிதழ் கேட்டுப் பெற்றோர்களே வருவார்கள். அவர்களுக்கு வாடகை அறை சீக்கிரம் கட்டுப்படியாகும். மிருதங்கம், தவில், டிரம்ஸ் என்றால் அடுக்குமாடியை மறந்துவிடுங்கள்.

## அந்த மூன்று பேருக்கும்

நங்கநல்லூர்ப் பெண்ணிடம் வீட்டிலேயே தொடங்கச் சொன்னேன், ஆனால் கூடத்தில் வேண்டாம். அவர்கள் வீட்டில் தெருப் பக்கம் ஒரு சின்ன அறை பழைய பீரோவும் தையல் மிஷினுமாக அடைந்து கிடக்கிறது. அதைக் காலி செய்ய மாமியாரிடம் பேச வேண்டும். வகுப்பு எடுப்பதைவிட அதுதான் பெரிய வேலை. வெளியே இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்க் கேன். பத்துப் பேர் சேர்ந்து, இடம் போதாமல் திருப்பி அனுப்ப ஆரம்பித்த பிறகு வாடகையைப் பற்றி யோசிக்கலாம்.

சோழிங்கநல்லூர்ப் பெண்ணுக்கு ஆன்லைன் சரியே. ஆனால் அவர் குடியிருக்கும் வளாகத்திலேயே நூற்றுக்கணக்கான வீடுகள், பொதுக்கூடம் மணி வாடகைக்குக் கிடைக்கிறது. சனி, ஞாயிறு காலையில் அங்கே நேரில் குழந்தைகளுக்கும், வாரநாள் அதிகாலையில் ஆன்லைனில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கும் என்று பிரித்துக்கொள்ளச் சொன்னேன். நானும் இப்போது ஏறக்குறைய அப்படித்தான்: வாரத்தில் மூன்று நாள் ஒரு நடனப் பள்ளியின் அறையில், இரண்டு நாள் ஆன்லைன், வீணை மட்டும் வீட்டில், அந்தப் பையனுக்கு ஒரு நாள்.

பெரம்பூர் சாருக்கு ஓய்வூதியம் வருகிறது, மந்த மாத நஷ்டம் அவரைச் சாய்க்காது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், எல்லோரும் நடந்து வரக்கூடிய தெருவில் அந்த அறை இருக்கிறது. எடுக்கச் சொன்னேன், ஜூனுக்கோ விஜயதசமிக்கோ முன்னால் வாடகை தொடங்கும்படி. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். அவர் அறையைப் பார்க்கப் போனது ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் 2017இல் அந்த மருந்துக்கடை மாடியை அப்படித்தான் ஒரு ஞாயிறு காலையில் போய்ப் பார்த்து, "அமைதியா இருக்கே" என்று அட்வான்ஸ் கொடுத்தேன். பின்பக்கம் லேத் பட்டறை இருப்பது திங்கட்கிழமைதான் தெரிந்தது. அது ஏறக்குறைய நாலரைக் கட்டையில் ஓடும், ஐந்தரையில் பாடும் என் பிள்ளைகளை மெல்ல மெல்லக் கீழே இழுத்துக்கொண்டு போகும். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வாரநாள் மாலை ஐந்தரை மணிக்கு அங்கே போய், கதவைச் சாத்திக்கொண்டு, கைபேசியில் தம்பூராவைப் போட்டுவிட்டு கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை போகிறாராம்.